ஊரே உடந்தையான ஒரு கொலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், உலகத் திரைப்படங்களை அறிமுகப்படுத்தும் பகுதியில், இத்தாலியப் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். எளிய மக்களின் அன்றாட வாழ்வை உள்ளபடியே காட்டிய, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நியோரியலிசப் படங்களுக்குக் கட்டுரையாளர் அளித்திருந்த மரியாதை முற்றிலும் பொருத்தமானது. ஆனால், அதன் பின் வந்த நகைச்சுவைப் படங்களை ஒரே பத்தியில் முடித்துக்கொண்டு, பியத்ரோ ஜெர்மி 1961இல் இயக்கிய 'டைவர்ஸ் இட்டாலியன் ஸ்டைல்' ('இத்தாலியப் பாணி விவாகரத்து') படத்தை, மனைவியைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடும் கணவனின் கலகலப்பான கதை என்ற அளவில் அவர் தாண்டிச் சென்றது எனக்கு ஏமாற்றத்தைத் தந்தது. கதைச் சுருக்கம் என்ற வகையில் அதில் பிழை எதுவும் இல்லை. எனினும், அந்தப் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், கணவனும் மனைவியும் பாத்திரங்களை வீசிக்கொள்ளும் சாதாரணக் குடும்பக் கூத்துகளின் வரிசையில் வாசகர்கள் அதையும் சேர்த்துவிடுவார்கள். அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே, வாசகர் கடிதத்துக்குரிய அளவை மீறி இதை எழுதுகிறேன்.

படத்தின் கேலி முழுவதும் அன்றைய இத்தாலியச் சட்டத்தின் மீது நிற்கிறது. 1961இல் இத்தாலியில் விவாகரத்து கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையைப் பொறுத்தவரை திருமணம் என்பது சாவு ஒன்றே பிரிக்கக்கூடிய பந்தம். 1929இல் முசோலினியின் அரசு வத்திக்கானோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, ஆலயத்தில் நடந்த திருமணத்தை அரசும் ஏற்று, அதற்குச் சட்ட வலிமை கொடுத்தது. பிரிந்து வாழ நீதிமன்றம் அனுமதிக்கும், ஆனால் மறுமணம் முடியாது. தொடக்கத்திலிருந்தே திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கலாம், ஆனால் அதற்குக் காரணமும் செல்வாக்கும் பொறுமையும் வேண்டும். நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே விவாகரத்துக்கு இடமளித்துவிட்டது என்பதை நினைத்துப் பார்க்கையில், ஐரோப்பாவின் நடுவே ஒரு குடியரசு 1970 வரை அந்தக் கதவைத் திறக்கவில்லை என்பது நம்மில் பலருக்கு வியப்பாகவே இருக்கும்.

அந்தக் கதவு மூடியிருந்த அதே வீட்டில் ஒரு புறக்கடை வழி மட்டும் திறந்திருந்தது. நீதி அமைச்சர் அல்ஃப்ரெடோ ரோக்கோவின் பெயரால் அறியப்படும் 1930ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 587ஆவது பிரிவு, தன் வாழ்க்கைத் துணையோ மகளோ சகோதரியோ முறையற்ற உறவில் இருப்பதைக் கண்டறிந்து, தனக்கோ தன் குடும்பத்துக்கோ நேர்ந்த மானக்கேட்டினால் மூண்ட ஆத்திரத்தில் அந்தக் கணமே கொன்றுவிடுபவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் சிறை போதும் என்று சொன்னது. சாதாரணக் கொலைக்கு அதே சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனை 21 ஆண்டுகள். மனைவியை விட்டு விலகி வேறொருத்தியை மணக்க விரும்பியவனுக்கு நீதிமன்றத்தில் வழியில்லை. அவளைச் சுட்டுவிட்டு வந்து நின்றால் சில ஆண்டுகளில் விடுதலையும் உண்டு, மறுமணத்துக்குத் தடையும் இல்லை. ஜெர்மியும் அவருடன் திரைக்கதை எழுதிய என்னியோ தே கொன்சினி, அல்ஃப்ரெடோ ஜன்னெத்தி ஆகியோரும் செய்ததெல்லாம், இந்த இரண்டு சட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்து, அவற்றுக்குக் கொஞ்சமும் மாறாமல் நடந்துகொள்ளும் ஒரு மனிதனைக் கற்பனை செய்ததுதான். ஜொவான்னி அர்ப்பினோ எழுதிய நாவலே படத்தின் மூலம். அது சிரிப்புக்குரிய கதையன்று. ஜெர்மியும் முதலில் தீவிரமான படமாகவே இதை எடுக்க எண்ணியிருந்தார். எழுத எழுத, தீவிரமான முகத்தோடு இந்தச் சட்டத்தைச் சொல்லவே முடியாது என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த மனிதனின் பெயர் ஃபெர்டினாண்டோ செஃபலூ. வீட்டார் அழைப்பது ஃபெஃபே. சிசிலித் தீவில் அக்ரமோன்தே என்ற கற்பனை ஊரில், பாதி மாளிகையைச் சிற்றப்பனிடம் இழந்துவிட்ட, வேலை வெட்டி எதுவும் இல்லாத 37 வயதுப் பிரபு. எண்ணெய் பூசி ஒட்ட வாரிய தலை, அரைக்கண் மூடிய பார்வை, நீண்ட சிகரெட் குழல், சில நொடிகளுக்கு ஒருமுறை வாயின் ஓரத்தை இழுத்து 'ட்ச்' என்று எழுப்பும் ஒலி: மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயான்னி இந்த உருவத்தைக் கட்டியிருக்கும் நுட்பத்தை எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. அந்த வாயோரச் சுளிப்பு அலுப்பில் வருகிறது, ஆசையில் வருகிறது, பொய் சொல்லும்போதும் வருகிறது. அழகன் என்று உலகமே கொண்டாடிய நடிகர், அந்த அழகைக் கொஞ்சம் புளிக்கவைத்து, சோம்பேறித்தனமும் தற்பெருமையும் கலந்த ஒரு பொருளாக நம் முன் வைக்கிறார். இந்தப் பாத்திரத்துக்காக அவர் பெயர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பெற்றது; ஜெர்மியின் பெயரும் இயக்குநர் பிரிவில் இருந்தது. விருது கிடைத்தது திரைக்கதைக்கு, 1963இல் நடந்த விழாவில். சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்தது என்பேன்.

ஃபெஃபேவின் மனைவி ரொசாலியா அவர்மீது உயிரையே வைத்திருப்பவள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தன்மீது அவருக்கு எவ்வளவு அன்பு என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவருக்கோ, கன்னியர் மடப் பள்ளியில் படித்து விடுமுறைக்கு வீடு திரும்பும் பதினாறு வயது ஆஞ்செலாமீது மையல். அவள் அவருடைய சிற்றப்பனின் மகள், பக்கத்துச் சன்னலில் தெரிபவள். (ஆஞ்செலாவாக நடித்த ஸ்டெஃபானியா சாண்ட்ரெல்லி அப்போது உண்மையிலேயே பதின்ம வயதுப் பெண். அவரைக் காமிரா பார்க்கும் விதத்தில் ஃபெஃபேவின் கண்ணை மட்டுமல்லாமல் அந்தக் காலத்துத் திரையுலகின் கண்ணையும் காண்கிறோம் என்பதைச் சொல்லாமல் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.) ஃபெஃபேவின் மனத்துக்குள் ரொசாலியா பலமுறை சாகிறாள். சோப்புக் கொதிக்கும் அண்டாவில் விழுகிறாள். கடற்கரைப் புதைமணலில், கணவனின் பெயரைக் கூவிக்கொண்டே, அமிழ்கிறாள். ராக்கெட்டில் வானத்துக்கு அனுப்பப்படுகிறாள். இந்தப் பகற்கனவுகள் சட்டென்று வந்து சட்டென்று போகின்றன. அவற்றைப் பார்த்து அரங்கமே சிரித்து முடிப்பதற்குள், ஒரு பெண்ணைக் கொல்வது எப்படி என்ற கேள்வியில் நாமும் சகஜமாகக் கலந்துகொண்டிருக்கிறோம் என்பது உறைக்கிறது. கதையைச் சொல்பவரே கொலைகாரர் என்பதால், அவர் அலுப்பை நாம் பகிர்ந்துகொள்கிறோம், அவர் திட்டம் பிசகும்போது நமக்கும் எரிச்சல் வருகிறது. இதைவிடச் சாமர்த்தியமாகப் பார்வையாளரைக் குற்றத்தில் கூட்டுச் சேர்த்த நகைச்சுவைப் படத்தை நான் பார்த்ததில்லை.

திட்டம் உருவாகும் இடம் நீதிமன்றம். தனக்குத் துரோகம் செய்தவனைச் சுட்டுக் கொன்ற மரியான்னீனா தெர்ரனோவா என்ற பெண்ணுக்காக, வழக்கறிஞர் தெ மார்சி இரு கைகளையும் விரித்து, குரலை ஏற்றி இறக்கி, மானம் என்னும் சொல்லை மணியடிப்பதுபோல் அடித்து வாதாடுகிறார். லேசான தண்டனை. ஃபெஃபே வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டி 587ஆவது பிரிவைப் படிக்கிறார். அதற்குப் பிறகு அவர் எதைச் செய்தாலும், அதே வழக்கறிஞர் நாளை தனக்காக எப்படிப் பேசுவார் என்பது அவர் காதில் ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. மனைவிக்குக் காதலன் தேடித் தெருவில் நடக்கிறார். அவர் தலைக்குள் தெ மார்சியின் குரல், ஒரு குற்றமும் அறியாத அந்த நல்ல கணவரைப் பற்றி உருகிக்கொண்டிருக்கிறது. குற்றத்துக்கு முன்பே வாதம் தயார், வாதத்துக்கு ஏற்பக் குற்றம் செதுக்கப்படுகிறது. சட்டம் மன்னிக்கும் ஆத்திரத்தை அட்டவணை போட்டுத் தயாரிக்கலாம் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தச் சட்டப் பேராசிரியரும் விளக்கிவிட முடியாது.

காதலன் கிடைக்கிறான். ஊர்ப் பாதிரியாரின் ஞானமகனும், போரில் இறந்துவிட்டதாக எண்ணப்பட்டவனும், ஒருகாலத்தில் ரொசாலியாவை விரும்பியவனுமான ஓவியன் கார்மெலோ. மாளிகைக் கூரையின் பழைய ஓவியங்களைச் சீர்செய்ய அவனை வீட்டுக்குள் கொண்டுவந்து, இருவரையும் தனியே விட்டு, ஒளித்துவைத்த டேப் ரெக்கார்டரின் மூலம் ஒட்டுக்கேட்கிறார் கணவர். கார்மெலோவாக வரும் லெயோபோல்டோ திரியெஸ்தேவின் கூச்சமும் தயக்கமும் இன்னொரு விருந்து. இவன் எப்போதுதான் துணியப்போகிறான் என்று காத்துக்கிடக்கும் கணவரின் தவிப்பு, காதலுக்குக் காவல் நிற்கும் வழக்கமான கணவர்களின் தவிப்பை அப்படியே தலைகீழாக்கியது.

கட்டுரையாளர் தவறவிட்டது இதற்குப் பின் வருவது. இயக்குநர் ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா' படம் ஊருக்கு வருகிறது. பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து அதைக் கண்டிக்கிறார். அதன் விளைவாக ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் அரங்குக்குப் போகிறார்கள். திரையில் அனிதா எக்பெர்க் ஆடுகிறார். ஆண்கள் மூச்சு விடவும் மறந்து பார்க்கிறார்கள். அந்தப் படத்தின் நாயகன் மாஸ்ட்ரோயான்னியே இங்கே பார்வையாளர்களில் ஒருவராக, வேறொரு மனிதராக, உட்கார்ந்திருக்கிறார். தலைவலி என்று வீட்டிலேயே தங்கிவிட்ட மனைவியைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் இருட்டில் நழுவி வீட்டுக்கு விரைகிறார். பறவைகள் பறந்துவிட்டன. காதலர்கள் ரயிலேறி ஓடிப்போய்விட்டார்கள்.

மனைவி ஓடிவிட்டாள், அவர் விரும்பிய பிரிவு கிடைத்துவிட்டது. நியாயமாக அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் சட்டப்படி அவர் இன்னும் கணவர். அவள் உயிரோடிருக்கும்வரை ஆஞ்செலாவை மணக்க முடியாது. அந்தக் கணத்து ஆத்திரம் என்ற சலுகையும் கைநழுவிவிட்டது. எனவே மானக்கேட்டை அவர் வளர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. படுக்கையில் விழுந்து கிடக்கிறார். மனைவியிடம் ஏமாந்தவன் என்ற பொருளில் 'கொம்பு முளைத்தவன்' என்று ஏசும் மொட்டைக் கடிதங்கள் வருகின்றன. அவை வரவர அவர் வழக்கு வலுப்பெறுகிறது. தங்கையின் திருமண நிச்சயம் முறிகிறது. கஃபேயில் அமர்ந்திருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆஞ்செலாவின் தந்தையின் இறுதிச் சடங்கில், கார்மெலோவின் மனைவி எல்லோரும் பார்க்க ஃபெஃபேவின் முகத்தில் காறித் துப்புகிறாள். எச்சிலைத் துடைத்துக்கொள்ளும் அந்த மனிதரின் உள்ளம் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று நமக்குத் தெரியும்; ஊருக்குத் தெரியாது. ஊர் அவரைக் கொலைக்குத் தள்ளுவதாக நினைக்கிறது. அவர் ஊரைத் தள்ளவைக்கிறார். கடைசியில் காதலர்கள் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதும் ஊரின் மாஃபியாப் பெரிய மனிதர்தான். கார்மெலோவின் மனைவி முந்திக்கொண்டு தன் கணவனைச் சுட்டுவிட, ஃபெஃபே தன் பங்கை முடிக்கிறார்.

இடையே ஒரு சிறு காட்சி. ஊர்க் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளையில், வடக்கிலிருந்து வந்த தோழர் ஒருவர் பெண் விடுதலையைப் பற்றிப் பொறுமையாக விளக்கிவிட்டு, ரொசாலியாவின் செயலைப் பற்றி உழைக்கும் மக்களின் நிதானமான கருத்து என்ன என்று கேட்கிறார். கூடியிருந்த ஆண்கள் ஒரே குரலில் ஒரு கெட்ட வார்த்தையைக் கத்துகிறார்கள். பாதிரியாரையும் பிரபுவையும் கேலி செய்வது இடதுசாரி மனம் கொண்ட கலைஞர்களுக்கு எளிது. ஜெர்மி இடதுசாரிகளிடமும் நல்லபெயர் வாங்க முயலாதவர் என்பதற்கு அந்தச் சில நொடிகளே போதும். 18,000 மக்களும் 24 தேவாலயங்களும் கொண்ட அந்த ஊரில், கட்சி, சமயம், குடும்பம், குற்றக் கும்பல் ஆகிய எல்லோரும் உடன்படும் ஒரே கொள்கை, ஓடிப்போன பெண் சாக வேண்டும் என்பது. சாதியின் பெயரால் நடக்கும் ஆணவக் கொலைச் செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே படித்துவரும் நமக்கு, கொன்றவனுக்கு ஊரார் காட்டும் அனுதாபத்தை யாரும் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ரொசாலியாவாக நடித்த டேனியெலா ரோக்கா, சிசிலியிலேயே பிறந்த, அழகுக்குப் பேர்போன நடிகை. அவர் மேலுதட்டில் மீசை வரைந்து, புருவங்களை ஒன்றாகச் சேர்த்து, அவருடைய அன்பையே நகைப்புக்குரியதாக்கியிருக்கிறார்கள். கணவனின் கண் அவளை அப்படித்தான் பார்க்கிறது என்று சமாதானம் சொல்லலாம். நானும் பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு, முழுவதுமாக நம்பியதில்லை. ஆனால் அந்த ஒப்பனையைத் தாண்டி ரோக்கா ஒன்றைச் செய்கிறார். கார்மெலோ தன்னைக் கவனிக்கிறான் என்பது தெரிந்த பிறகு, அவருடைய நடையிலும் குரலிலும் மெல்ல ஒரு நிதானம் குடியேறுகிறது. அந்த மாளிகையில் யாரையோ உண்மையாக நேசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போது புரிகிறது. கேலிச்சித்திரமாக எழுதப்பட்ட பெண் நம் கண்முன்னே மனுஷியாகிவிடுவதால், பிற்பகுதியில் நம் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. திரைக்கதைக்கு விருது கொடுத்தவர்கள் இவரையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

ஜெர்மி ஜெனோவாவில் பிறந்தவர். வடக்கத்தியர் ஒருவர் வந்து தென்னகத்தைக் காட்டுமிராண்டித் தேசமாகக் காட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் இந்தப் படத்தின் மீது உண்டு. வெயிலில் காயும் தெருக்களும் மூடிய சன்னல்களுக்குப் பின்னால் கறுப்பு உடைப் பெண்களும் ஓரளவுக்குக் கேலிச்சித்திரங்களே. ஆனாலும் 587ஆவது பிரிவு சிசிலியின் கிராமப் பஞ்சாயத்தில் உருவானதன்று. ரோமில் எழுதப்பட்டு, மிலானுக்கும் டூரினுக்கும் சேர்த்தே பொருந்தியது. பாசிச ஆட்சி போய்க் குடியரசு வந்த பிறகும் அதைக் காப்பாற்றி வைத்தது நாடு முழுவதற்குமான நாடாளுமன்றம். அதனால்தான் படத் தலைப்பில் சிசிலிக்குப் பதில் இத்தாலி இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பின்னாளில் அந்நாட்டின் நகைச்சுவைப் பட மரபு முழுவதற்கும் வழங்கும் 'இத்தாலியப் பாணி நகைச்சுவை' என்ற பெயர் இந்தத் தலைப்பிலிருந்தே பிறந்தது என்பதும் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டிய தகவல்.

சட்டம் எப்போது மாறியது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். 1970 டிசம்பர் 1ஆம் தேதி விவாகரத்துச் சட்டம் நிறைவேறியது. அதை நீக்கக் கோரி 1974 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 59 சதவீதத்தினர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஜெர்மி அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். மானத்துக்காகச் செய்யும் கொலைக்குச் சலுகை தந்த 587ஆவது பிரிவு நீக்கப்பட்டது 1981 ஆகஸ்டில். அதாவது, விவாகரத்து வந்த பிறகும் பத்தாண்டுகளுக்கு மேலாக அந்தப் பிரிவு புத்தகத்தில் இருந்தது. ஒரு படம் சட்டத்தை மாற்றியது என்று சொல்வது மிகை. பெண்கள் இயக்கங்களும் சட்ட அறிஞர்களும் நாடாளுமன்றத்துக்கு உள்ளும் புறமும் நடத்திய நெடிய போராட்டத்தின் பலன் அது. ஆனால் 1961க்குப் பிறகு எந்த இத்தாலிய வழக்கறிஞராவது நீதிமன்றத்தில் மானம் என்று கையை விரித்தபோது, கேட்டவர்களில் சிலருக்காவது தெ மார்சி நினைவுக்கு வந்திருப்பார், உதட்டோரம் துடித்திருக்கும்.

முடிவைப் பற்றியும் கட்டுரையாளர் ஒரு சொல் கூறியிருக்கலாம். சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடும் ஃபெஃபே, ஆஞ்செலாவை மணந்து, படகில், வெயிலில், வெற்றிக் களிப்போடு அவளை முத்தமிட்டுக்கொண்டிருக்கையில், காமிரா கீழிறங்கி அவள் பாதத்தைக் காட்டுகிறது. அது படகோட்டும் இளைஞனின் பாதத்தை வருடிக்கொண்டிருக்கிறது. கணவனுக்கு வாய்த்த தண்டனை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தண்டனை தெரியவில்லை. 587ஆவது பிரிவு இன்னும் அமலில் இருக்கிறது என்பதும், அடுத்த பிணம் அந்த இளம்பெண்ணாக இருக்கக்கூடும் என்பதும்தான் தெரிகிறது.

இந்தத் தொடரில் ஜெர்மிக்கு இன்னொரு வாரம் ஒதுக்கினால், அவர் 1964இல் எடுத்த 'செட்யூஸ்ட் அண்ட் அபாண்டண்ட்' படத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாலியல் வன்முறை செய்தவன் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் வழக்கு அற்றுப்போகும் என்ற 544ஆவது பிரிவைக் கேலி செய்யும் படம் அது. அடுத்த ஆண்டின் இறுதியில் சிசிலியின் அல்காமோ ஊரில் கடத்தப்பட்ட ஃபிராங்கா வியோலா என்ற இளம்பெண், தன்னைக் கடத்திச் சென்றவனை மணக்க மறுத்து வழக்கை நடத்தி, அவனைச் சிறைக்கு அனுப்பினார். அந்தப் பிரிவும் 1981இல் அதே சட்டத்தால்தான் நீங்கியது. இரண்டு படங்களையும் ஒருசேர அறிமுகப்படுத்தினால், ஜெர்மி கேலி செய்யத் தேர்ந்தெடுத்த பொருள் எது என்பது வாசகர்களுக்குத் தெளிவாகும். கட்டுரையாளரின் தேர்ந்த நடையில் அதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி